காயப்பட்ட பற்கூழ் ஆறுவது எப்படி? வளர்ச்சிக் காரணிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொத்தை ஆழமாகப் போனாலும், விழுந்து பல் உடைந்தாலும், காயம் கடைசியில் சென்று சேரும் இடம் பற்கூழ். அந்தக் காயம் ஆறுமா, ஆறுமென்றால் எந்தப் பொருளின் தூண்டுதலால் ஆறுகிறது, அந்தப் பொருளை மருந்தாகவே வைத்துவிட்டால் என்ன என்பவை பல் மருத்துவ மாணவர்களும் சிகிச்சைக்கு வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள். அவற்றுக்கான விடைகள் கீழே உள்ளன.

பற்கூழ் என்பது பல்லின் நரம்புதானே?

அப்படிச் சொல்லித்தான் எல்லோருக்கும் பழக்கம். "நரம்பை எடுத்துவிடலாம்" என்று மருத்துவர்களே சொல்வதுண்டு. ஆனால் நரம்பு அதில் ஒரு பகுதி மட்டுமே. இரத்தக் குழாய்கள், நார்த்திசுச் செல்கள், நோயெதிர்ப்புச் செல்கள், ஸ்டெம் செல்கள் ஆகியவை கொலாஜன் வலையில் பொதிந்திருக்கும் மென்மையான திசுதான் பற்கூழ். அதன் வெளிவிளிம்பில் ஓடான்டோபிளாஸ்ட் எனப்படும் செல்கள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கின்றன. பல்லின் கடினமான உட்சுவரான டென்டினைக் கட்டுபவை இவையே. ஒவ்வொரு செல்லும் டென்டினில் உள்ள ஒரு நுண்குழாய்க்குள் தன் நீட்சியை விட்டிருக்கிறது. பற்கூழை ஒட்டிய பகுதியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 45,000-க்குக் குறையாத நுண்குழாய்கள் இருப்பதால், டென்டினில் ஆழமாகக் குழி விழுந்தாலே பற்கூழும் காயப்பட்டதாகக் கொள்ள வேண்டும். டென்டினையும் பற்கூழையும் இரு பெயர்களால் அழைத்தாலும், காயத்துக்கு முன் அவை ஒரே உறுப்பாகவே நடந்துகொள்கின்றன.

காயப்பட்ட பற்கூழ் தானாக ஆறாது என்றுதானே சொல்கிறார்கள்?

நெடுங்காலம் அப்படித்தான் நம்பப்பட்டது. பற்கூழ் நாற்புறமும் கடினச் சுவர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. வீங்கினால் விரிய இடமில்லை. வேர்நுனியில் உள்ள மிகச் சிறிய துளைகள் வழியாகத்தான் இரத்தம் வந்துபோக வேண்டும். இப்படிப்பட்ட திசு ஒருமுறை வெளிப்பட்டுவிட்டால் பிழைக்காது என்று எண்ணியதில் வியப்பில்லை.

அந்த எண்ணத்தை மாற்றியது 1965-ல் காகெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவர் வெளியிட்ட எலி ஆய்வு. ஒரு தொகுதி எலிகள் சாதாரணமாக வளர்ந்தவை. மற்றொரு தொகுதி நுண்ணுயிரே இல்லாத சூழலில் பிறந்து வளர்ந்தவை. இரண்டிலும் கடைவாய்ப் பல்லைத் துளைத்துப் பற்கூழை வெளிப்படுத்தி, எதையும் வைத்து மூடாமல் அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளில் பற்கூழ் அழுகிச் சீழ் கட்டியது. நுண்ணுயிரற்ற எலிகளிலோ, துளைக்குள் உணவுத் துகள்கள் அடைத்துக்கொண்டிருந்த நிலையிலும், இரண்டு வாரங்களுக்குள் காயத்தின் மீது புதிய டென்டின் பாலம் கட்டத் தொடங்கியிருந்தது. மருந்தும் இல்லை, அடைப்பும் இல்லை. பாக்டீரியா இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. ஆறும் திறன் பற்கூழுக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இனி வரும் விடைகள் அனைத்தையும் இந்த ஆய்வை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

வளர்ச்சிக் காரணி என்றால் என்ன?

ஒரு செல் வெளியிடும் புரதம் மற்றொரு செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் பொருந்தி, "பிளவுபடு", "இடம்பெயர்ந்து வா", "உன் வேலையை மாற்றிக்கொள்" என்பது போன்ற கட்டளையை அதன் உட்கருவரை கொண்டுசேர்க்குமானால், அந்தப் புரதத்தை வளர்ச்சிக் காரணி என்கிறோம். பெயரில் வளர்ச்சி இருந்தாலும் வேலை அதனோடு முடிவதில்லை. சில காரணிகள் சில செல்களின் வளர்ச்சியை நிறுத்தவும் செய்கின்றன.

இந்தத் துறையின் தொடக்கத்திலேயே பல் இடம்பெற்றிருப்பது சுவையான செய்தி. ஸ்டான்லி கோஹன் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த சில நாட்களே ஆன குட்டிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் முன்பற்கள் வழக்கத்தைவிட முன்னதாக முளைத்தன. கண்ணிமைகளும் சீக்கிரமே திறந்துகொண்டன. அதற்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்து அவர் 1962-ல் வெளியிட்டார். இன்று மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்று அழைக்கப்படுவது அதுவே. நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொன்டால்சினியுடன் அவர் 1986-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பற்கூழ் ஆறும்போது இந்தக் காரணிகள் எங்கிருந்து வருகின்றன?

இரத்தத்தட்டுகளிலிருந்து வருகின்றன; பற்கூழின் நார்த்திசுச் செல்கள் வெளியிடுகின்றன; அழற்சிச் செல்களும் வெளியிடுகின்றன. உடலின் வேறெந்தக் காயத்துக்கும் இவை பொது. பல்லுக்கே உரிய ஊற்று ஒன்று இருக்கிறது. அதுதான் டென்டின்.

டென்டினின் எடையில் ஏறக்குறைய 70 விழுக்காடு கனிமம், 20 விழுக்காடு கரிமப் பொருள், மீதி நீர். கரிமப் பொருளில் பெரும்பங்கு கொலாஜன். எஞ்சிய சிறு பங்கில்தான் கதையே இருக்கிறது. பல் உருவாகும் காலத்தில் ஓடான்டோபிளாஸ்ட்கள் டென்டினைச் சுரக்கும்போது, மாற்றமுறு வளர்ச்சிக் காரணி எனப்படும் டி.ஜி.எஃப். பீட்டா, எலும்பு உருவாக்கப் புரதங்களான பி.எம்.பி.க்கள், குருதிக்குழல் வளர்ச்சிக் காரணி, இன்சுலின் ஒத்த வளர்ச்சிக் காரணி ஆகியவற்றையும் சேர்த்தே சுரக்கின்றன. கனிமம் படியும்போது அவை அதற்குள் அகப்பட்டு உறங்கிப்போகின்றன. சுவர் எழுப்பும்போதே, பின்னாளில் அது இடிந்தால் பழுதுபார்க்க வேண்டிய ஆட்களை அழைக்கும் ஓலையையும் சாந்தோடு சேர்த்துப் பூசிவைத்தது போன்ற ஏற்பாடு இது. மனித டென்டினில் டி.ஜி.எஃப். பீட்டா குடும்பத்தில் முதன்மையாகக் காணப்படுவது பீட்டா-1.

உறங்குவதை எழுப்புவது எது என்றால், கனிமத்தைக் கரைக்கும் எதுவும் எழுப்பும். சொத்தையில் பாக்டீரியா சுரக்கும் அமிலம் டென்டினைக் கரைக்கும்போது இந்தக் காரணிகள் விடுபட்டு, நுண்குழாய்களின் வழியே பற்கூழுக்குப் பரவுகின்றன. பல்லை அழிக்கும் அமிலமே பல்லைக் காக்கும் செய்தியையும் அனுப்பிவைக்கிறது. மருத்துவர் பயன்படுத்தும், கனிமத்தைக் கரைக்கும் ஈ.டி.டி.ஏ. கரைசலும், கால்சியம் ஹைட்ராக்சைடும், கால்சியம் சிலிகேட் சிமெண்டுகளும் இவற்றை விடுவிக்கின்றன என்பது ஆய்வகத்தில் உறுதிப்பட்டுள்ளது.

கனிமம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் புதைத்தால் அங்கே புதிய எலும்பு உருவாகிறது என்று மார்ஷல் உரிஸ்ட் 1965-ல் காட்டினார். எலும்பு உருவாக்கப் புரதம் என்ற கருத்துக்கு வித்து அதுதான். கனிமம் நீக்கிய டென்டினும் அதே வேலையைச் செய்வது விரைவிலேயே தெரியவந்தது. டென்டினை உயிரற்ற கடினப்பொருள் என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதற்கு அதுவே போதும்.

புதிய டென்டின் எப்படி உருவாகிறது?

இரு வழிகளில் உருவாகிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல தவறான முடிவுகள் பிறக்கின்றன.

காயம் மிதமாக இருந்து, ஓடான்டோபிளாஸ்ட்கள் பிழைத்திருந்தால், அவையே டென்டின் சுரப்பை விரைவுபடுத்தி அந்த இடத்தில் சுவரைத் தடிப்பாக்குகின்றன. இதை எதிர்வினை டென்டின் என்பார்கள். நுண்குழாய்கள் பழையவற்றின் தொடர்ச்சியாகவே இருக்கும். இதற்கு முதன்மையான தூண்டுகோல் டி.ஜி.எஃப். பீட்டா-1.

காயம் கடுமையாக இருந்து அந்தச் செல்கள் இறந்துவிட்டால் நிலைமை வேறு. ஓடான்டோபிளாஸ்ட்கள் பிளவுபட்டுப் பெருகும் திறனை இழந்தவை. பக்கத்தில் பிழைத்திருக்கும் செல் பெருகி இடத்தை நிரப்புவது நடவாது. ஆகவே பற்கூழின் உட்பகுதியில், சிறு இரத்தக் குழாய்களை ஒட்டி இருக்கும் ஸ்டெம் செல்கள் அழைப்பைக் கேட்டு, காயம் வரை இடம்பெயர்ந்து, அங்கே பெருகி, ஓடான்டோபிளாஸ்ட் போன்ற செல்களாக மாறி, அதன் பிறகே சுரக்கத் தொடங்க வேண்டும். இதற்குப் பழுதுநீக்க டென்டின் என்று பெயர். பற்கூழில் ஸ்டெம் செல்கள் உள்ளன என்பதை 2000-ல் குரோந்தோஸும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். விழும் பால்பல்லின் பற்கூழிலும் அவை உண்டு என்பது 2003-ல் தெரிந்தது.

நுண்ணோக்கியில் இத்தகைய காயத்தின் வெட்டுத்தோற்றத்தைப் பார்த்தால் ஆறிய வரலாறு அடுக்கடுக்காகத் தெரியும். மருந்தைத் தொட்டிருக்கும் மேல்விளிம்பில் ஒழுங்கற்ற, எலும்பை ஒத்த ஒரு படலம். அதற்குள் சில செல்கள் சிறைப்பட்டிருக்கும். நுண்குழாய் ஒன்றும் இராது. அவசரத்தில் போட்ட கட்டு என்று அதைச் சொல்லலாம். அதற்குக் கீழே போகப் போகச் செல்கள் நிமிர்ந்து வரிசைப்படும், நுண்குழாய்கள் தலைகாட்டும், டென்டின் தன் இயல்பான வடிவத்துக்குத் திரும்பும். பற்கூழ் நலமாக இருந்தால் மட்டுமே இந்தக் கீழடுக்கு அமையும்.

எந்தக் காரணி என்ன வேலையைச் செய்கிறது?

ஒரு காரணிக்கு ஒரு வேலை என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது தேர்வுக்கு உதவலாம். பற்கூழுக்குள் அப்படி நடப்பதில்லை. ஒரே காரணி, அளவையும் நேரத்தையும் பொறுத்து வெவ்வேறு விளைவைத் தருகிறது. இருந்தாலும் பொதுப்போக்கைச் சொல்ல முடியும்.

காயப்பட்ட உடனே உறைந்த இரத்தத்தில் உள்ள தட்டுகள் வெளியிடும் காரணிகள், குறிப்பாக இரத்தத்தட்டு வளர்ச்சிக் காரணியும் டி.ஜி.எஃப். பீட்டாவும், செல்களை அந்த இடத்துக்கு இழுக்கின்றன. அவற்றுள் முன்னது செல்களைப் பெருக்கவும் செய்கிறது. குருதிக்குழல் வளர்ச்சிக் காரணியும், நார்த்திசுச் செல் வளர்ச்சிக் காரணி-2 என்பதும் புதிய நுண்ணிய இரத்தக் குழாய்களை முளைக்க வைக்கின்றன. இந்தக் கட்டம் தவறினால் மற்ற எதுவும் நடவாது. இரத்த ஓட்டம் எட்டாத இடத்தில் எந்தக் கட்டளையும் பயன்படாது. பி.எம்.பி.-2, 4, 7 ஆகியவை ஸ்டெம் செல்களை டென்டின் சுரக்கும் செல்களாக மாறச் செய்கின்றன. டி.ஜி.எஃப். பீட்டா-1 அழற்சியை மட்டுப்படுத்தும் வேலையையும் பார்க்கிறது.

நரம்பு வளர்ச்சிக் காரணி பலரும் கவனிக்காமல் விட்டுவிடுவது. காயத்தைச் சுற்றிய செல்கள் அதைக் கூடுதலாகச் சுரக்கும்போது உணர்வு நரம்பிழைகள் அங்கே கிளைவிட்டுப் படர்கின்றன. காயம் ஆறியதும் அந்தக் கிளைகள் பின்வாங்குகின்றன. ஆழமான சொத்தையை அடைத்த பிறகு சில வாரங்கள் குளிர்ச்சி பட்டால் பல் கூசுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அழற்சி ஆறுவதற்குத் தடையா, துணையா?

இரண்டும் உண்டு; அளவுதான் தீர்மானிக்கிறது. அழற்சி என்றாலே அடக்க வேண்டியது என்ற எண்ணம் பற்கூழைப் பொறுத்தவரை சரியல்ல. அழற்சியின் தொடக்கத்தில் வெளிப்படும் பொருள்கள் இல்லாமல் ஸ்டெம் செல்களுக்கு அழைப்பே போகாது. நோயெதிர்ப்பு மண்டலத்தின் நிரப்புப் புரதங்களைப் பற்கூழின் நார்த்திசுச் செல்களே தயாரிக்கின்றன; அவற்றிலிருந்து பிறக்கும் சி5ஏ என்ற துண்டு, ஸ்டெம் செல்களைக் காயத்தின் பக்கம் நகரச் செய்கிறது.

ஆனால் பாக்டீரியா நீங்காமல் அழற்சி நாட்பட நீடித்தால், அதே சூழல் அந்தச் செல்களை டென்டின் கட்ட விடாமல் தடுக்கிறது. அப்போது எவ்வளவு வளர்ச்சிக் காரணி இருந்தாலும் கேட்பதற்குச் செல் இல்லை. இதை உணராமல் "எந்தக் காரணி சிறந்தது" என்று விவாதிப்பது, தீயை அணைக்காமல் வீட்டுக்கு வண்ணம் தேர்ந்தெடுப்பது போன்றது.

ஆழமான சொத்தையைக் கடைசித் துளி வரை சுரண்டி எடுக்க வேண்டாமா?

உயிருள்ள, மீளக்கூடிய நிலையில் உள்ள பற்கூழுக்கு மேலே எடுக்க வேண்டாம். சொத்தையின் ஓரங்களை முழுமையாகச் சுத்தம் செய்து, பற்கூழுக்கு மேலுள்ள அடித்தளத்தில் மட்டும் மென்மையான ஒரு படலத்தை விட்டு, கசிவில்லாமல் அடைப்பதையே ஐரோப்பிய வேர்சிகிச்சைக் கழகத்தின் 2019 நிலைப்பாடு பரிந்துரைக்கிறது. உள்ளே அகப்பட்ட பாக்டீரியாவுக்கு உணவு வரத்து நின்றுவிடுகிறது. கரைந்த டென்டினிலிருந்து விடுபட்ட காரணிகள் தம் வேலையைத் தொடர்கின்றன. அடித்தளத்தில் அரை மில்லிமீட்டர் டென்டின் எஞ்சியிருந்தாலும் கீழே உள்ள ஓடான்டோபிளாஸ்ட்கள் பெரும்பாலும் பிழைக்கின்றன. அதற்கும் கீழே மெலிய மெலிய அவற்றின் இழப்பு கூடுகிறது. பழைய முறையில் பயிற்சி பெற்றவர்களுக்குச் சொத்தையை உள்ளே விட்டு மூடுவது மனம் ஒப்பாத செயலாக இருப்பது புரிந்துகொள்ளக்கூடியதே.

பற்கூழ் வெளிப்பட்டுவிட்டால் மருத்துவர் என்ன செய்கிறார்?

விபத்தில் முன்பல் உடைந்து, உடைந்த பரப்பின் நடுவே குண்டூசித் தலை அளவில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பல்லை மரத்துப்போகச் செய்து, ரப்பர் விரிப்பால் எச்சில் படாமல் பிரித்த பின், வைரத்துகள் பதித்த சுழல்முனையால் நீர்ப்பீச்சலின் கீழ் பற்கூழை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் சீவி எடுக்கிறார். பிறகு உப்புநீரிலோ சோடியம் ஹைப்போகுளோரைட்டிலோ நனைத்த பஞ்சை மெதுவாக வைத்துக் காத்திருக்கிறார். எல்லாம் தெரியவருவது இந்தச் சில நிமிடக் காத்திருப்பில்தான். பஞ்சை எடுத்ததும் ஈரமான, இளஞ்சிவப்பான, இறுகிய திசு தெரிந்து இரத்தம் நின்றிருந்தால் பற்கூழ் நலமாக இருக்கிறது. கருஞ்சிவப்பாக இரத்தம் பொங்கிக்கொண்டே இருந்தால் அழற்சி இன்னும் ஆழத்தில் இருக்கிறது. மேலும் சற்றுச் சீவ வேண்டும், சில வேளைகளில் பல்லின் மேற்பகுதியான முடிப்பகுதியில் உள்ள பற்கூழ் முழுவதையுமே எடுத்துவிட்டு வேர்ப்பகுதியை மட்டும் காப்பாற்ற வேண்டும். இரத்தம் நின்ற பின் கால்சியம் சிலிகேட் சிமெண்டை வைத்து, அதன் மேல் கசிவில்லாத அடைப்பைப் போடுகிறார்.

பகுதியளவு பற்கூழ் நீக்கம் எனப்படும் இந்த முறையை 1978-ல் மியோமிர் ஸ்வெக் விரிவாக வெளியிட்டார். விபத்தில் உடைந்த 60 முன்பற்களில் 96 விழுக்காடு ஆறின. அவர் பயன்படுத்தியது வெறும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கால்சியம் ஹைட்ராக்சைடா, எம்.டி.ஏ.வா? எது மேல்?

வெளிப்பட்ட பற்கூழை மூடும் முயற்சி பழமையானது. 1756-லேயே பெர்லினைச் சேர்ந்த பிலிப் ஃபாஃப் தங்கத் தகட்டை வளைத்து வைத்து மூடியதை எழுதியிருக்கிறார். 1920-ல் ஹெர்மன் அறிமுகப்படுத்திய கால்சியம் ஹைட்ராக்சைடு அதற்குப் பின் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது. அதன் காரத்தன்மை pH அளவில் ஏறக்குறைய 12.5. தொட்ட திசுவின் மேற்படலத்தை அது கருக்குகிறது. அதன் அடியில் ஆறுதல் தொடங்குகிறது. பாக்டீரியாவைக் கொல்வதும் டென்டினிலிருந்து காரணிகளை விடுவிப்பதும் அதன் நற்பண்புகள். காலப்போக்கில் கரைந்துபோவதும், அதன் கீழ் உருவாகும் டென்டின் பாலத்தில் சிறு பொந்துகள் இருப்பதும் அதன் குறைகள். அந்தப் பொந்துகள் வழியே பாக்டீரியா இறங்கினால் பாலம் இருந்தும் பயனில்லை.

கால்சியம் சிலிகேட் சிமெண்டுகளில் முன்னோடியான, எம்.டி.ஏ. எனப்படும் கனிமக் கலவையை 1993-ல் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டோராபினெஜாத் குழுவினர் அறிமுகப்படுத்தினார்கள். குழைத்தால் ஈர மணலைப் போலிருக்கும், கையாள்வதற்கு எரிச்சலூட்டும், இறுகுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பின்னர் வந்த சில கால்சியம் சிலிகேட் சிமெண்டுகள் கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடுகின்றன. இவை நீரோடு வினைபுரியும்போது உருவாவதும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஆகவே செல்களுக்குப் போகும் செய்தி ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு அடைப்பின் உறுதியில் இருக்கிறது. அந்த உறுதிக்காகவே சிலிகேட் சிமெண்டுகளைத் தேர்ந்தெடுப்பது சரி என்பது என் கருத்து. முன்பற்களில் மட்டும், பிஸ்மத் ஆக்சைடு கலந்த எம்.டி.ஏ. பல்லைக் கருநிறமாக்கிவிடும் என்பதால் அது இல்லாத சிமெண்டைப் பயன்படுத்த வேண்டும்.

வளர்ச்சிக் காரணியை நேரடியாகவே காயத்தில் வைத்துவிடலாமே?

இயல்பாக எழும் கேள்விதான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வாளர்களும் இதையே கேட்டுவருகிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் நகாஷிமா நாய்களின் பற்கூழில் பி.எம்.பி.-2, 4 ஆகியவற்றையும், ரதர்ஃபோர்ட் குரங்குகளின் பற்கூழில் பி.எம்.பி.-7-ஐயும் வைத்து, பழுதுநீக்க டென்டின் உருவாவதைக் காட்டினார்கள். நம்பிக்கை பெருகியது.

பிறகு வந்த ஓர் ஆய்வு அதிகம் பேசப்படுவதில்லை, பேசப்பட வேண்டியது. முந்தைய ஆய்வுகளில் துளைக்கப்பட்டவை நலமான பற்கள். சிகிச்சைக்கு வருபவர்களின் பற்கூழோ முன்பே அழற்சி கண்டது. அதனால் ரதர்ஃபோர்டே 2000-ல் ஃபெரட் விலங்குகளின் பற்கூழில் முதலில் அழற்சியை உண்டாக்கி, அதன் பின் பி.எம்.பி.-7-ஐ வைத்துப் பார்த்தார். டென்டின் உருவாகவில்லை. எங்கே தேவையோ அங்கே அது வேலை செய்யவில்லை.

வேறு தடைகளும் உள்ளன. இந்தப் புரதங்கள் உடலில் மிக விரைவாகச் சிதைகின்றன. ஆறுவதற்கோ வாரக்கணக்கில் செய்தி போய்க்கொண்டிருக்க வேண்டும். அதற்காக அளவைக் கூட்டினால், டென்டின் பாலத்துக்குப் பதிலாகப் பற்கூழ் முழுவதும் தாறுமாறாகக் கனிமம் படிந்து, பின்னாளில் வேர் சிகிச்சையே செய்ய முடியாதபடி வேர்க்குழாய் அடைபடக்கூடும். சிறுகச் சிறுக வெளியிடும் கொலாஜன், ஜெலட்டின், ஹைட்ரோஜெல் போன்ற தாங்கிகள் இதற்காகவே ஆராயப்படுகின்றன. இயற்கையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பல காரணிகளின் வரிசையை ஒற்றைப் புரதம் ஈடுசெய்ய முடியாது என்பது இவற்றுக்கெல்லாம் அடியில் உள்ள சிக்கல்.

முதுகெலும்பு இணைப்புக்கு பி.எம்.பி.-2 அமெரிக்காவில் 2002-ல் ஒப்புதல் பெற்றது. ஈறு நோயால் இழந்த எலும்புக்காக இரத்தத்தட்டு வளர்ச்சிக் காரணி 2005-ல் பெற்றது. பற்கூழுக்கென்று ஒப்புதல் பெற்ற வளர்ச்சிக் காரணி மருந்து எதுவும் இல்லை.

வேறொரு வழியும் முயலப்படுகிறது. 2017-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் ஷார்ப் குழுவினர், டைட்குளூசிப் என்ற சிறு மூலக்கூறைக் கொலாஜன் பஞ்சில் நனைத்துச் சுண்டெலிப் பல்லின் துளையில் வைத்தார்கள். அது வளர்ச்சிக் காரணி அல்ல. காயப்பட்ட செல்களில் ஏற்கெனவே விழித்திருக்கும் விண்ட் எனும் சமிக்ஞைப் பாதையை மேலும் தூண்டுவது. பஞ்சு கரைந்த இடத்தில் டென்டின் நிரம்பியது. சுண்டெலியின் கடைவாய்ப் பல் எவ்வளவு சிறியது என்பதை மறந்துவிட்டுத்தான் "இனி பல் அடைப்பே தேவையில்லை" என்று அன்று செய்திகள் வந்தன.

சொந்த இரத்தத்திலிருந்து எடுக்கும் பி.ஆர்.எஃப். பயன்படுமா?

இரத்தத்தட்டுச் செறிவுள்ள ஃபைப்ரின் என்பதே இதன் விரிவு. 2001-ல் பிரான்சில் ஷுக்ருன் உருவாக்கியது. சிகிச்சை பெறுபவரின் இரத்தத்தை எதுவும் கலக்காமல் சுழற்றியவுடன் கிடைக்கும் வெளிர்மஞ்சள் உறைவு அது. ஃபைப்ரின் வலையில் அகப்பட்ட தட்டுகள் பல நாட்களுக்குக் காரணிகளை வெளியிடுகின்றன. பல காரணிகள் சேர்ந்து, மெதுவாக வருவது இதன் சிறப்பு. பற்கூழ் சிகிச்சையில் இது சிலிகேட் சிமெண்டைவிடத் தெளிவாக மேலானது என்று நிறுவப்படவில்லை. அடைப்பு கசிந்தால் இதுவும் காப்பாற்றாது.

பற்கூழ் முழுவதும் இறந்துவிட்டால் திரும்ப வளர்க்க முடியுமா?

வேர் முற்றாத பல்லில் ஓரளவு முடியும். நிகார்ட்-ஓஸ்ட்பி 1961-லேயே வேர்க்குழாய்க்குள் இரத்தத்தை உறைய விட்டுப் புதிய திசு வளருமா என்று ஆராய்ந்தார். 2001-ல் இவாயா குழுவினரும், 2004-ல் பாங்க்ஸ், ட்ரோப் ஆகியோரும் வெளியிட்ட சிகிச்சைக் குறிப்புகளுக்குப் பின் இது பரவலாயிற்று.

இதன் படிமுறையே வளர்ச்சிக் காரணிகளைப் பற்றிய பாடம் எனலாம். வேர்க்குழாயைச் சுத்தம் செய்யும் ஹைப்போகுளோரைட்டை 1.5 விழுக்காட்டில் நிறுத்துகிறார்கள். அதைவிடச் செறிவானது வேர்நுனி ஸ்டெம் செல்களையும் கொல்லும், டென்டினில் உள்ள காரணிகளையும் சிதைக்கும். கடைசிக் கழுவலுக்கு 17 விழுக்காட்டு ஈ.டி.டி.ஏ. பயன்படுகிறது, அது சுவர்களின் மேற்பரப்புக் கனிமத்தைக் கரைத்து உறங்கும் காரணிகளை வெளிக்கொணர்கிறது. பிறகு வேர்நுனிக்கு அப்பால் மெல்லிய கருவியால் தீண்டி இரத்தத்தை வரவழைத்து, அதனோடு ஸ்டெம் செல்களையும் உள்ளே கொண்டுவருகிறார்கள். உறைந்த இரத்தத்தின் மேல் சிமெண்டை வைத்து மூடுகிறார்கள். குப்பியில் வாங்கிய காரணி ஒன்றுகூட இதில் இல்லை.

வேர்நுனிச் சீழ் ஆறுகிறது. பலருக்கு வேரும் தடித்து நீள்கிறது. ஆனால் உள்ளே வளர்வது பெரும்பாலும் வேரைப் போர்த்தியிருக்கும் வேர்ச்சிமெண்டு என்ற கடினத் திசுவும் எலும்பும் இணைப்புத் திசுவும் கலந்த ஒன்று. ஓடான்டோபிளாஸ்ட் வரிசையுள்ள உண்மையான பற்கூழ் அல்ல. அதைப் பெற ஸ்டெம் செல்களையே வளர்த்து வைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. 2017-ல் நகாஷிமா குழுவினர் ஐந்து பேருக்கு அவர்களது பற்கூழ் ஸ்டெம் செல்களை ஒரு வளர்ச்சிக் காரணியோடு சேர்த்து வைத்த முன்னோடி ஆய்வை வெளியிட்டார்கள். 2018-ல் சீனாவில் பால்பல் ஸ்டெம் செல்களைக் கொண்டு விபத்தில் காயப்பட்ட பற்களில் ஆய்வு நடந்தது.

வயதானவர்களுக்கு ஆறாதா?

ஆறும், மெதுவாக ஆறும். வயது கூடும்போது பற்கூழ் அறை குறுகுகிறது, இரத்தக் குழாய்களும் செல்களும் குறைகின்றன. இளம்பல்லில் வேர்நுனி அகலமாகத் திறந்திருப்பதால் இரத்த ஓட்டம் தாராளம். இருப்பினும் வயதை மட்டும் வைத்து வேர் சிகிச்சைக்குப் போய்விடக் கூடாது. இரத்தம் நிற்கிறதா என்ற சோதனை பிறந்த தேதியைவிட நம்பத்தக்கது.

மாத்திரை, பற்பசை, உணவு வழியாக இந்தக் காரணிகளைக் கூட்ட முடியுமா?

முடியாது. விழுங்கிய புரதம் செரித்துவிடும். பற்பசையில் இருப்பது பற்கூழைச் சென்றடையாது.

பல் உடைந்து பற்கூழ் தெரிகிறது. மருத்துவரிடம் போக ஒரு நாள் ஆகிவிட்டது. காலம் கடந்துவிட்டதா?

இல்லை. விபத்தில் வெளிப்பட்ட நலமான பற்கூழில், முதல் சில நாட்களுக்கு அழற்சி மேலுள்ள 2 மில்லிமீட்டர் அளவிலேயே நிற்கிறது என்று ஸ்வெக்கின் பிந்தைய ஆய்வுகள் காட்டின; அந்த அளவைச் சீவி எடுப்பதற்குக் காரணமும் அதுவே. சொத்தையால் வெளிப்பட்ட பற்கூழுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே பாக்டீரியா பல மாதங்களாகக் குடியிருக்கிறது. எவ்வாறாயினும் போகும்வரை உடைந்த இடத்தைக் கிளறுவதோ, எதையும் தடவுவதோ கூடாது. உடைந்த துண்டு கிடைத்தால் ஈரம் உலராமல் கொண்டுசென்றால் அதையே ஒட்ட முடியும்.

பற்கூழ் ஆறிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வலி இல்லாததை மட்டும் நம்பக் கூடாது. இறந்த பற்கூழும் வலிப்பதில்லை. எக்ஸ்ரேயில் டென்டின் பாலம் தெரிவதும் முழுச் சான்றல்ல. பாலத்தின் அடியில் நாட்பட்ட அழற்சி இருக்கலாம். குளிர்ச்சிச் சோதனைக்குப் பல் இயல்பாகப் பதில் சொல்ல வேண்டும். முடிப்பகுதிப் பற்கூழ் முழுவதும் நீக்கப்பட்ட பல்லில் இந்தச் சோதனை உதவாது. வேர்நுனியைச் சுற்றிக் கருநிழல் தோன்றக் கூடாது. பல்லின் நிறம் மங்கக் கூடாது. ஈறில் கொப்புளம் வரக் கூடாது. முதல் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பார்ப்பது வழக்கம்.

குழந்தைகளிடம் இவை எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. அடிபட்ட முன்பல்லையும் அதன் அடிபடாத இணையையும் ஒரே எக்ஸ்ரேயில் எடுத்து, ஓர் ஆண்டுக்கு முந்தைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வேர்களும் ஒன்றுபோல நீண்டு, சுவர்கள் ஒன்றுபோலத் தடித்து, நுனிகள் ஒன்றுபோலக் குறுகி வந்திருந்தால், உள்ளே ஓடான்டோபிளாஸ்ட்கள் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கின்றன.